எனக்குச் செரிக்காதது

சின்ன வெங்காயம் உரிக்கிறேன். காய்ந்த சருகு விரலில் ஒட்டுகிறது. ஒரு தோல். அதற்குள் இன்னொரு தோல். கண் கரிக்கிறது.

நெல்லும் கிழங்கும் மாவுச்சத்தாகச் சேமிக்கின்றன. வெங்காயத்தில் மாவுச்சத்து இல்லை. முளைவிடும் நாளுக்கென்று அது ஃப்ரக்டானைச் சேர்த்து வைக்கிறது. பழச்சர்க்கரைக் கண்ணிகள் கோத்த சங்கிலி. பூண்டுப் பல்லுக்குள்ளும் அதுவே.

அந்தக் கண்ணிகளைக் கழற்றும் நொதி மனித உடலில் சுரப்பதில்லை.

உண்கிறேன். செரிப்பதில்லை.

*

இரைப்பையைத் தாண்டுகிறது. சிறுகுடலின் நீளம் முழுவதையும் தாண்டுகிறது. கூட வந்த சோறும் எண்ணெயும் வழியில் கரைந்துவிடுகின்றன. இது மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

சில மணி நேரத்தில் பெருங்குடலின் வாசல். அடிவயிற்றின் வலப்பக்கம்.

கை அங்கே போகிறது. தோல் கதகதப்பாக இருக்கிறது. வேறொன்றும் தெரியவில்லை.

உள்ளே வெளிச்சம் இல்லை. ஆக்சிஜன் அநேகமாக இல்லை. காத்திருப்பவை இருக்கின்றன.

*

38 லட்சம் கோடி.

ஓர் உடலில் வாழும் பாக்டீரியாக்களின் தோராயக் கணக்கு. 2016-இல் வெளிவந்தது. உடலின் சொந்த செல்கள் ஏறத்தாழ 30 லட்சம் கோடி. பாக்டீரியா அத்தனையையும் ஒன்றாக நிறுத்தால் சுமார் 200 கிராம்.

எண்ணை வாசித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

‘நான்’ என்று ஒரு நினைப்பு எழுகிறது. பாதியில் நின்றுவிடுகிறது.

*

முந்தின இரவுச் சோறு. தண்ணீர் ஊற்றி மூடிவைத்த மண்சட்டி. மூடியைத் தூக்குகிறேன். மெல்லிய புளிப்பு வாசம். விளிம்பை ஒட்டிச் சிறு குமிழ்கள்.

வேகும்போது அரிசியின் மாவுச்சத்து நெகிழ்ந்து குழைகிறது. ஆறும்போது அதில் ஒரு பங்கு மறுபடி நெருங்கி இறுகுகிறது. இறுகியதைச் சிறுகுடலால் எளிதில் பிரிக்க முடிவதில்லை. அது கீழே போகிறது. பெரிய பங்கு ஒன்றும் அல்ல.

புளிப்பு, நுண்ணுயிர் தந்தது. இறுகிய மாவு, நுண்ணுயிருக்குப் போவது.

ஒரே கவளத்தில் இரண்டும்.

உப்பு. கடித்துக்கொள்ள வெங்காயம்.

*

வாழைக்காய் சீவுகிறேன். விரலில் பிசுபிசுப்பு. கொஞ்ச நேரத்தில் கறை. நறுக்கியதைத் தண்ணீரில் போடாவிட்டால் அதுவும் கறுக்கிறது.

காயாக இருக்கும்வரை உள்ளே மாவுச்சத்து. அதில் பெரும்பகுதி எளிதில் செரிக்காதது. பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாகிறது. அடுப்பில் வெந்தாலும் அந்த இறுக்கம் தளர்கிறது. ஆறினால் கொஞ்சம் திரும்புகிறது.

பழத்தின் இனிப்பு எனக்கு. காயின் இறுக்கம் நுண்ணுயிர்களுக்கு.

*

வெந்தயம் ஊறுகிறது.

இரவில் கல்லாக உருண்ட மணி. காலையில் உப்பியிருக்கிறது. எடுத்தால் விரல்களுக்கிடையில் நழுவுகிறது. அந்த வழுவழுப்புக்கு காலக்டோமன்னன் என்று பெயர். கொத்தவரை விதையிலும் இருக்கிறது. அதையும் குடல் நுண்ணுயிர்கள்தான் பிரிக்கின்றன.

நாக்கில் கசப்பு.

நாக்குக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

*

பிஃபிடோபாக்டீரியம் என்றொரு குடல் பாக்டீரியா. வெங்காயத்தின் ஃப்ரக்டான் சங்கிலியை அது அறுக்கிறது. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. அசிட்டேட்டையும் லாக்டேட்டையும் வெளியே விடுகிறது.

அந்த மிச்சம் வேறு சில பாக்டீரியாக்களுக்கு இரை. அவை பியூட்டிரேட்டை விடுகின்றன.

பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதம் இந்த பியூட்டிரேட்டிலிருந்து கிடைக்கிறது.

யார் யாருக்குச் சோறு போடுவது. கேள்வி வருகிறது. போகிறது.

*

பெருங்குடலின் தொடக்கத்தில் இருப்பவற்றுக்கு முதல் பந்தி. சங்கிலி அங்கேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. கடைசி வளைவில் இருப்பவற்றுக்கு வந்து சேர்வது கொஞ்சம்.

*

பக்கத்து வீட்டில் கைக்குழந்தை அழுகிறது. அழுகை தேய்கிறது. நிற்கிறது. பால் குடிக்கிறது போலும்.

தாய்ப்பாலில் தண்ணீர் போக அதிகம் இருப்பது லாக்டோஸ். அடுத்து கொழுப்பு. மூன்றாவதாக ஒலிகோசாக்கரைடுகள் என்னும் குட்டிச் சர்க்கரைச் சங்கிலிகள், நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். இவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது.

1899-இல் பாரிஸில் ஹென்றி திஸியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவைக் காண்கிறார். கிளை பிரிந்த வடிவம். பிஃபிடோபாக்டீரியம். குழந்தைக்குச் செரிக்காத அந்தப் பங்கை முக்கியமாக உண்பது அதுதான்.

உலகில் குடிக்கும் முதல் உணவிலேயே ஒரு பகுதி, குடிக்கிறவருக்கு இல்லை.

*

1995-இல் கிப்சன், ராபர்ஃப்ராய்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இத்தகைய உணவுக்கு ப்ரீபயாடிக் என்று பெயர் வைக்கிறார்கள். எல்லா நார்ச்சத்தும் அதில் சேராது. நுண்ணுயிர்களில் சில தேர்ந்து உண்ண வேண்டும். அதனால் உடலுக்கு நன்மை விளைய வேண்டும்.

பெயருக்கு முன்பும் வெங்காயம் இருக்கிறது.

*

பயணம். கடையில் பன்னும் டீயும். மதியமும் ஏறக்குறைய அதுதான். வயிறு நிறைந்திருக்கிறது. கீழே என்ன போய்ச் சேர்கிறது.

குடலின் உட்சுவர் மேல் சளிப் படலம் ஒன்று உண்டு. நார்ச்சத்து இல்லாத தீனி தின்ற எலிகளில், பாக்டீரியாக்கள் அந்தப் படலத்தை உண்ணத் தொடங்குகின்றன. படலம் மெலிகிறது. 2016-இல் வெளிவந்த ஆய்வு. பார்த்தது எலிக் குடலில்.

படித்த தாளை மடித்து வைக்கிறேன்.

*

சுண்டல் தின்ற மாலை. வயிறு இரைகிறது. அடங்குகிறது. மறுபடி இரைகிறது.

பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். இவையும் எனக்குச் செரிக்காதவை. ஊறிய தண்ணீரை வடித்தால் கொஞ்சம் குறைகின்றன. முளைகட்டினால் இன்னும் குறைகின்றன.

சிலருக்கு இதே வெங்காயமும் பூண்டும் உப்புசம். வலியும்கூட. அவர்களுக்கு அளவு வேறு. பழகாத வயிற்றுக்கு எதுவும் மெல்ல மெல்ல.

சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்லதென்றும் தோன்றவில்லை. கெட்டதென்றும் தோன்றவில்லை.

*

மூச்சு உள்ளே வருகிறது. ஓர் இடைவெளி. வெளியே போகிறது.

பெருங்குடலில் நொதிக்கும்போது ஹைட்ரஜன் எழுகிறது. ஒரு பங்கு குடல்சுவரைக் கடந்து ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் அதை நுரையீரலுக்குக் கொண்டுவருகிறது. மூச்சோடு வெளியேறுகிறது. மருத்துவமனைகளில் இதைக் குழாயில் ஊதச் சொல்லி அளக்கிறார்கள்.

மனித செல்கள் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. மூச்சில் வரும் அது, குடல் நுண்ணுயிர்கள் விட்டது.