சொன்னவனும் கேட்டவர்களும்

திருமந்திரத்தில் நிலையாமையைப் பற்றிய பகுதியில் ஒரு சாவு வருகிறது. ஒருவன் வீட்டில் சமைத்ததை ருசித்துச் சாப்பிடுகிறான். பெண்ணோடு சந்தோஷமாக இருக்கிறான். பிறகு உடம்பின் இடது பக்கம் லேசாக நோகிறது என்கிறான். படுக்கிறான். அவ்வளவுதான், போய்விடுகிறான். நாலு வரிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. மாரடைப்பு என்று இன்று நாம் சொல்வதற்கு இதைவிடச் சுருக்கமான சித்திரம் தமிழில் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தச் செய்யுளை நாம் எப்போதும் முடிவிலிருந்து பின்னோக்கியே வாசித்து வந்திருக்கிறோம். முடிவு தெரிந்துவிட்டதால் வலி வெறும் உதாரணமாகிவிடுகிறது. வாழ்க்கை நிலையற்றது என்பதற்கு ஒரு சாட்சி. ஆனால் அந்த மனிதனுக்கு முடிவு தெரியாது. ‘லேசாக’ என்பது அவனுடைய அளவு. தவிர, அவன் அதை மனசுக்குள் நினைத்துக்கொள்ளவில்லை, வாய்விட்டுச் சொல்கிறான். பக்கத்தில் கேட்க ஆள் இருக்கிறது. பதில் மட்டும் இல்லை. பதில் வந்திருந்தால் செய்யுள் சொல்ல வந்த பாடம் உடைந்திருக்கும். செய்யுளில் இது குறையல்ல. ஆனால் இந்த மௌனத்தை நாம் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோமோ என்பதுதான் என் சந்தேகம். எல்லோரும் ஒருநாள் போகிறவர்கள்தான் என்பது பொதுவில் உண்மை. ராத்திரி எட்டரை மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு குறிப்பிட்ட மனிதனிடம் அதைச் சொல்வது உண்மையல்ல, அலட்சியம்.

ஏனென்றால் சொன்னதற்கும் முடிவுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்சுவரில் படிந்த கொழுப்பு வெடிக்கிறது. அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அதற்கு அப்பாலுள்ள தசை சாக ஆரம்பிக்கிறது. ஆரம்பிக்கிறது என்பதுதான் முக்கியம். முழுக்கச் சாக மணிக்கணக்காகும். உறைவைக் கரைக்கும் மருந்தோ, பலூன் வைத்துத் திறக்கும் சிகிச்சையோ முதல் சில மணி நேரத்தில் காப்பாற்றுகிற அளவுக்குப் பிறகு காப்பாற்றுவதில்லை. 12 மணி நேரம் தாண்டினால் கரைக்கும் மருந்தால் பெரும்பாலும் பிரயோஜனமில்லை. இந்தியாவில் 89 ஆஸ்பத்திரிகளில் 20,468 நோயாளிகளைக் கவனித்து 2008இல் லான்ஸெட் பத்திரிகை வெளியிட்ட ஆய்வில், அறிகுறி தோன்றியதற்கும் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததற்கும் நடுவே போன நேரத்தின் நடு மதிப்பு 360 நிமிஷம்.

இந்த ஆறு மணி நேரத்தில் என்ன நடக்கிறது? ரோடு, வண்டி, பணம் எல்லாம் உண்டு. கூடவே ஒரு சம்பாஷணையும் நடக்கிறது. ‘வாயுவாக இருக்கும்.’ ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம், ஒரு சோடா. இதை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. மேல்வயிற்றில் அடைப்பு, ஏப்பம், குமட்டல் என்று மாரடைப்பு நிஜமாகவே அஜீரணத்தின் வேஷத்தில் வரக்கூடியது. வாயு என்ற சொல்லின் சௌகரியம் வேறு: அது விசாரணையை முடித்துவைத்துவிடுகிறது. பெயர் வைத்தாயிற்று, இனிமேல் பார்க்க வேண்டியதில்லை. மோசமான விமரிசனத்தில் ‘யதார்த்தவாதம்’, ‘உத்தி’ போன்ற சொற்கள் செய்கிற வேலையும் இதுதான்.

அறிகுறிகளின் பட்டியல் ஒன்றும் ரகசியமில்லை. நடுநெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தம், அது தோளுக்கோ, கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல். சில நாள் முன்னதாகவே, நடந்தால் வந்து நின்றால் போகிற வலியாக அது முன்னறிவிப்புச் செய்வதுண்டு. சும்மா இருக்கும்போதே வந்து கால் மணி நேரமாகியும் போகாவிட்டால் காத்திருக்கக் கூடாது. பெண்களிடமும் வயதானவர்களிடமும் சர்க்கரை வியாதிக்காரர்களிடமும் நெஞ்சுவலியே இல்லாமல், வெறும் இளைப்பாகவோ அசதியாகவோ வாந்தியாகவோ வரலாம். இவ்வளவையும் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் பட்டியலைத் தெரிந்திருப்பதும் அடையாளம் காண்பதும் ஒன்றல்ல.

என்னோடு வேலை பார்த்த கேஷியருக்குப் பட்டியல் தெரியும். பதினைந்து நாளாக மாடிப்படியில் நடுவே நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறினார். குறுவை நடவுச் சமயம், நகைக்கடன் கூட்டம். ஒருநாள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தே சட்டை நனைந்தது. தாடை வலிக்கிறது, பல்வலி என்றார். கடைநிலை ஊழியர் ஒருவர்தான் அவர் கவுண்டரை மூடச் சொல்லி, கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். பிழைத்தார். மாதங்கள் கழித்து, ‘தெரியும் சார். வாயால சொல்லிட்டா நெஜமாயிடுமோன்னு இருந்தது’ என்றார்.

இந்தப் பதிலை நான் பயம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அறிவு குறையவில்லை. தன் உடம்புக்குத் தானே ஒரே வாசகன் என்ற உரிமையை விட்டுக்கொடுக்க மனமில்லை. படைப்பாளி தன் படைப்புக்கு உத்தமமான வாசகன் அல்ல என்று நாம் இம்மாதிரிப் பக்கங்களில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறோம். உடம்பு விஷயத்தில் மட்டும் அதை ஒப்புக்கொள்வதில்லை. அறிகுறியை அடையாளம் காண்பது என்பது, என்னைப் பொறுத்தவரை, ஒரு தகவலை அறிவதல்ல. தீர்ப்பை இன்னொருவர் கையில் கொடுக்கச் சம்மதிப்பது. அந்தச் சம்மதத்துக்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் கௌரவம். இத்தனை பேரைக் கலவரப்படுத்திவிட்டு, கடைசியில் வெறும் வாயு என்று திரும்பி வந்தால்? திரும்பி வரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் இ.சி.ஜி.யில் எதுவும் தெரியாமல் மறுபடி எடுக்கும்போது தெரிவதுண்டு. டாக்டருக்கே ஒரு வாசிப்பு போதாதபோது, வலிக்காரன் மட்டும் முதல் தடவையே சரியாக வாசித்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒன்றுமில்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பியவனும் சரியாகத்தான் நடந்துகொண்டிருக்கிறான்.

லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற டாக்டர் இந்த நெஞ்சுவலியைப் பற்றி 1768இல் வாசித்த கட்டுரை 1772இல் அச்சாயிற்று. பத்திரிகையில் அதன் சுருக்கத்தைப் படித்த ஒருவர், இது என்னுடைய வலிதான் என்று கண்டுகொண்டு, பெயர் போடாமல் ஹெபர்டனுக்குக் கடிதம் எழுதினார். திடீரென்று இறந்தால் தன் உடலை அறுத்துப் பார்க்கவும் சம்மதித்தார். சில வாரத்தில் இறந்தும் போனார். ஜான் ஹண்டர் அறுத்துப் பார்த்தார். காரணம் அன்று தென்படவில்லை. அச்சில் தன்னைக் கண்டுகொண்ட அந்த வாசகருக்குத் தன் கண்டுபிடிப்பால் நயாபைசா லாபமில்லை. இருந்தும் சொன்னார். சொன்னால் பலன் உண்டு என்று ஆகிவிட்ட காலத்தில் நாம் வாயை மூடிக்கொண்டிருப்பது விசித்திரம்தான்.

ஆனால் இதோடு நிறுத்தினால் குற்றம் முழுவதும் நோயாளி தலையில் விழும். சொல்வதற்கும் ஒரு ஸ்தானம் வேண்டும். மாடியில் கேஷியருக்கு வியர்த்தால் நாலு பேர் பார்க்கிறார்கள். நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு இளைத்தால், அது வேலைக் களைப்பு. கரையேறி உட்கார்ந்தால் அரைநாள் கூலி போகும். அவளுடைய அறிகுறியை அவள் சொல்லாமல் இல்லை; அவள் சொல்வது அறிகுறி என்று யாருக்கும் படுவதில்லை. மேலே சொன்ன அதே ஆய்வில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 சதவிகிதம், வசதியுள்ளவர்களில் 5.5.

கேட்பதையும் ஏற்பாடு செய்யலாம் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. தமிழ்நாட்டில் சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரியவற்றோடு கோத்து, 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்திய முயற்சியின் முடிவு 2017இல் வெளியாயிற்று. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தார்கள். 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் என்று 14 மாத்திரைகளை முதலுதவியாகக் கொடுத்து 108 வண்டியில் மேலே அனுப்ப ஏற்பாடாயிற்று. செய்யுளில் வராத பதில், கிராமத்துத் துணை நிலையத்து நர்ஸ் வாயிலாக வருகிறது.

பிழைத்தவன் கதை வேறு. திருமூலர் வரலாற்றையே பெரியபுராணத்தில் பார்க்கலாம். சாத்தனூர் இடையன் மூலன் மாடு மேய்த்த இடத்தில் திடீரென்று விழுந்து இறக்கிறான். பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. அவ்வழி வந்த யோகி அவன் உடம்புக்குள் புகுந்து எழுகிறார். தேடி வந்த மனைவி தொட வரும்போது, உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்கிறார். பிறகு திருவாவடுதுறையில் அரசமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறார். ஆக, இடது பக்கத்து வலியைப் பற்றிய அந்தச் செய்யுள், புராணக் கணக்குப்படி, ஒருமுறை திடீரென்று செத்து எழுந்த உடம்பின் கையால் எழுதப்பட்டது.

மாரடைப்பிலிருந்து எழுந்தவர்கள் பலர் இந்த ஸ்திதியில்தான் வீடு திரும்புகிறார்கள். உடம்பு இரவல் வாங்கியது போலிருக்கிறது. ஒவ்வொரு ஏப்பத்தையும் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். வீட்டில் உள்ளவர்களிடம் எட்ட நிற்கிறார்கள். முன்பு எதையும் வாசிக்க மறுத்தவர் இப்போது எல்லாவற்றையும் வாசிக்கிறார். இரண்டிலும் வாசிப்பவர் அவர் ஒருவரே. இதற்கும் மருந்து தனியாக வாசிப்பதை விடுவதுதான். மூலனின் மனைவி ஒரே பார்வையில் கண்டுகொண்டாள், இவருக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று. யோகிக்கு அவள் தேவைப்படவில்லை. யோகியல்லாத நமக்குத் தேவைப்படுகிறாள்.