பிரிந்தது இருவர், கோபம் கேட்டவருக்கு

இசைக்குழுவிலிருந்து ஒருவர் விலகினார் என்ற செய்தி வந்ததும் ரசிகர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். ஏன் போனார்? இனி அதே மாதிரி பாட்டு வருமா? முதல் கேள்விக்கு நேரான பதில் அபூர்வமாகவே கிடைக்கிறது. இரண்டாவது கேள்விக்கு அடுத்து வரும் பாடல்களே பதில் சொல்லிவிடும். இரண்டையும்விடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அதை ரசிகர் யாரும் கேட்பதில்லை. பிரிந்தவர்கள் குழுவுக்குள் இருந்தவர்கள். வெளியே இருந்து கேட்டவருக்கு ஏன் கோபம் வருகிறது?

தமிழில் இதற்குப் பெரிய உதாரணம் விஸ்வநாதன்-ராமமூர்த்தி பிரிவு. எம். எஸ். விஸ்வநாதனும் டி. கே. ராமமூர்த்தியும் சி. ஆர். சுப்பராமனின் குழுவில் பணியாற்றியவர்கள். 1952இல் சுப்பராமன் காலமானபோது அவர் கையில் இருந்த படங்களை முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் இரட்டை இசையமைப்பாளர்களாக அறிமுகமானார்கள். வயதில் மூத்தவர் ராமமூர்த்தி. பேரில் முன்னால் நின்றவர் விஸ்வநாதன். 1961இல் 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்', 1964இல் 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை' எனப் படத்துக்குப் படம் வேறு வேறு வண்ணம் காட்டினார்கள். 1963இல் சென்னையில் நடந்த விழாவில் இருவருக்கும் சேர்த்து 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் தரப்பட்டது. வானொலியில் பாட்டுக்கு முன்னால் இருவர் பேரும் ஒரே மூச்சில் வரும். கேட்டவர்களுக்கு அது ஒரே ஆளின் பேர் மாதிரி பழகிப்போனது.

1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வெளிவந்த காலத்தோடு அந்தக் கூட்டு முடிந்தது. அதன்பின் விஸ்வநாதன் தனியாக நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். ராமமூர்த்திக்குக் கிடைத்தவை சுமார் இருபது படங்கள். 'சாது மிரண்டால்', 'மறக்க முடியுமா', 'நான்', 'தங்கச் சுரங்கம்' ஆகியவை அவற்றுள் சில. பிரிவுக்குப் பணம், புகழ், இடையில் புகுந்தவர்களின் பேச்சு என்று ரசிகர்கள் பல காரணம் சொன்னார்கள். எல்லாரும் ஏற்கும்படியான ஒரு காரணம் அறுபது ஆண்டுகளாகியும் நிலைபெறவில்லை.

காரணம் தெரியாத இடத்தில் ரசிகர் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார். மெட்டெல்லாம் விஸ்வநாதன், வாத்தியச் சேர்க்கையெல்லாம் ராமமூர்த்தி என்றது ஒரு கட்சி. 1965க்குப் பிறகு வயலின் கூட்டத்தில் பழைய கனம் இல்லை என்றது அது. 'அன்பே வா' வந்தபோது, ஒருவரே போதும் என்றது எதிர்க்கட்சி. பழைய பாட்டில் எந்த இடம் யாருடையது என்று பிரித்துக் காட்டும் சான்று இரண்டு கட்சியிடமும் இல்லை. சேர்ந்திருந்த காலத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் இருந்தது. பிரிவுதான் அதைக் கிளப்பிவிட்டது. ஆனால் விடை சொல்லத்தக்க ஒரே நிலை, இருவரும் ஓர் ஆர்மோனியத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த நிலை, அதற்குள் கலைந்துவிட்டது.

இந்தக் கணக்கு பெரிய பேர்களுக்கு மட்டும் உரியதன்று. வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா பக்கத்து ஊர்களில் திருவிழா இரவு என்றால் பாட்டுக் கச்சேரி உண்டு. அப்படிப்பட்ட மேடைக் குழுக்களில் டி. எம். எஸ். குரலில் பாடுகிறவரோ கீபோர்டு வாசிக்கிறவரோ விலகித் தனிக்குழு தொடங்குவது புதிதல்ல. விழாக் கமிட்டிக்காரர்கள் அட்வான்ஸ் கொடுக்குமுன் குழுவின் பேரைவிட, "அந்தப் பாட்டுக்காரர் வருவாரா?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் பாட்டுக்காரரைத் தேடுகிற அதே கூட்டம், தபேலாக்காரர் மாறினால் கவனிப்பதுகூட இல்லை. விலகியவர் எவ்வளவு வாசித்தார் என்பதைவிட, கேட்டவர் அவரை எவ்வளவு அறிந்திருந்தார் என்பதே துக்கத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

ராக் குழுவில் இந்த அறிமுகம் இன்னும் நெருக்கமானது. திரையிசையில் வாத்தியக்காரர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் மறைந்திருப்பார். ராக் குழுவில் நான்கைந்து பேரும் மேடை விளக்கின் கீழ் நிற்கிறார்கள்; ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு முகம் இருக்கிறது. டில்லியில் 1990இல் உருவான 'இந்தியன் ஓஷன்' குழு இதற்குத் தெளிவான சான்று. கிதார் கலைஞர் சுஷ்மித் சென்னும், பாடிக்கொண்டே தாள வாத்தியம் வாசித்த அஷீம் சக்ரவர்த்தியும் சேர்ந்து தொடங்கிய குழு அது. 2000இல் வந்த 'கந்தீசா' தொகுப்பு அதை நாடறியச் செய்தது. 2009 டிசம்பரில் அஷீம் காலமானார். 2013இல் சுஷ்மித் விலகினார். அவர் இடத்துக்கு நிகில் ராவ் வந்தார்.

இரண்டு இழப்புகளும் குழுவின் ஒலியை ஏறக்குறைய ஒரே அளவுக்கு மாற்றக்கூடியவை. ஒன்று ஆதாரக் குரல், மற்றொன்று ஆதாரக் கிதார். ஆனால் இப்படிப்பட்ட இரண்டு இழப்புகளை ரசிகர்கள் ஒரே விதமாக எடுத்துக்கொள்வதில்லை. இறந்தவருக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். விலகியவரிடம் விளக்கம் கேட்கிறார்கள். இழப்பு ஒன்றாக இருந்தும் எதிர்வினை மாறுகிறது என்றால், ரசிகரின் கோபம் ஒலியை இழந்ததால் மட்டும் வந்ததாக இருக்க முடியாது.

இறந்தவர் தன் விருப்பத்தால் போகவில்லை. விலகியவர் முடிவெடுத்துப் போகிறார். நான் உயிராய் நினைத்த ஒன்று இவருக்கு வேண்டாததாகிவிட்டதா என்று ரசிகருக்குத் தோன்றுகிறது. கேட்கும்போது தமக்குக் கிடைத்த ஆனந்தத்தை, வாசித்தவர்களும் ஆனந்தமாக இருந்தார்கள் என்பதற்குச் சான்றாக அவர் எடுத்துக்கொண்டிருந்தார். விலகல் அந்தச் சான்றைச் செல்லாததாக்குகிறது. கோபத்தின் வேர் இங்கே இருக்கிறது.

அந்தச் சான்று தொடக்கத்திலிருந்தே செல்லாத ஒன்றுதான். 'ஆயிரத்தில் ஒருவன்' பாடல்கள் கூட்டு முறியும் தறுவாயில் வந்தவை. அவற்றைக் கேட்டு, இதைச் செய்தவர்கள் பிரியப்போகிறவர்கள் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மனக்கசப்பு இருக்கும்போதே நல்ல பாட்டு பிறக்கலாம். ஆழமான நட்பிலும் சப்பையான பாட்டு வரலாம். பாட்டு அதைச் செய்தவர்களின் திறமைக்குச் சாட்சி சொல்லும். அவர்கள் வீட்டு நிலவரத்துக்குச் சாட்சி சொல்லாது. ஆகவே பிரிவுச் செய்தியால் பழைய பாட்டு பொய்யாகிவிடுவதில்லை. ரசிகர் அதன்மேல் ஏற்றி வைத்த ஊகம்தான் பொய்யாகிறது.

பிரிவுக்குப் பின் வரும் இன்னொரு வழக்கு பேரைப் பற்றியது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிலில் பங்காளிகள் பிரிந்தால் ஊறல் தொட்டியை எண்ணிப் பிரிக்கலாம், சுழலும் டிரம்மை எண்ணிப் பிரிக்கலாம். கம்பெனியின் பேரை மட்டும் பாதியாக வெட்ட முடியாது. இசையிலும் அதே சிக்கல்தான். 1985இல் 'பிங்க் ஃப்ளாய்ட்' குழுவிலிருந்து விலகிய ரோஜர் வாட்டர்ஸ், மற்றவர்கள் அந்தப் பேரில் தொடரக்கூடாது என்று வழக்குக்குப் போனார். 1987இல் சமரசமானது, பேர் தொடர்ந்தவர்களிடம் தங்கியது. இந்தித் திரையிசையில் 1971இல் ஜெய்கிஷன் இறந்தபிறகும் சங்கர் 'சங்கர்-ஜெய்கிஷன்' என்ற இரட்டைப் பேரிலேயே இசையமைத்தார். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் ஆளுக்கொரு பேரோடு போனார்கள். இரட்டைப் பேர் பழைய இசைத்தட்டுகளோடு நின்றது. மூன்றில் இதுவே நேர்மையான வழி எனலாம். எது கூட்டாகச் செய்தது, எது தனியாகச் செய்தது என்பதில் கேட்பவருக்குக் குழப்பம் இல்லை.

மீண்டும் சேரட்டும் என்பது ரசிகர்களின் கடைசி வேண்டுதல். அது சில சமயம் நிறைவேறவும் செய்கிறது. முப்பது ஆண்டு கழித்து, 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைத்தார்கள். பழைய பாடல்களின் அருகில் அந்தப் படம் இடம்பெறவில்லை. அதற்குள் கண்ணதாசன் மறைந்து பதினான்கு ஆண்டு ஆகியிருந்தது. இளையராஜா வந்து தமிழ்க் காதையே மாற்றியிருந்தார், ஏ. ஆர். ரகுமானின் 'ரோஜா' வந்தும் மூன்று ஆண்டு ஓடியிருந்தது. 1960களின் அந்த இசை இரண்டு பேரால் மட்டும் ஆனதன்று. அன்றைய கவிஞர்கள், பாடகர்கள், வாத்தியக்காரர்கள், கேட்டவர்கள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. இருவரைச் சேர்த்து வைப்பதால் அத்தனை பேரும் திரும்பி வருவதில்லை. 2012இல் தமிழக முதல்வர் ஜெயலலிதா இருவரையும் ஒரே மேடையில் 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டம் தந்து கௌரவித்தார். 2013இல் ராமமூர்த்தியும் 2015இல் விஸ்வநாதனும் காலமானார்கள்.

அப்படியானால் ரசிகருக்கு உள்ள உரிமை எது? வருந்தலாம். புதிய பாட்டு பிடிக்கவில்லை என்றால் கேட்காமல் விடலாம். யார் எதைச் செய்தார்கள் என்று ஒளிக்காமல் சொல்லும்படி கேட்கலாம்; பழைய பாட்டுக்கு உரியவர் அனைவருக்கும் பேரும் பணமும் சேரவேண்டும் என்று வற்புறுத்தலாம். இவை பாட்டின்மேல் உள்ள உரிமைகள். பாடியவரின் வாழ்க்கைமேல் அவருக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. எனக்காகச் சேர்ந்திரு என்று கேட்பது, வேண்டாத இடத்தில் ஒருவர் வருஷக்கணக்கில் வேலை செய்யட்டும் என்று கேட்பதாகும். தம் வீட்டுப் பிள்ளைக்கு ஒருவர் இதை விதிக்கமாட்டார்.

உரிமையோடு ஒரு கடமையும் வருகிறது. விலகியவர் தனியாகச் செய்ததைப் பழைய கூட்டின் மிச்சமாக நினைக்காமல், அதற்கென்று ஒருமுறை காது கொடுக்க வேண்டும். 'நான்', 'தங்கச் சுரங்கம்' போன்ற படங்களின் பாடல்களை ராமமூர்த்தியின் பாடல்களாகவே கேட்டவர்கள் குறைவு. விஸ்வநாதன் இல்லாத பாடல்களாகக் கேட்டவர்களே அதிகம். அந்த ரசிகர்கள் ஒரு கூட்டை இழந்ததோடு நிற்காமல், கண்ணெதிரே இருந்த ஓர் இசையமைப்பாளரையும் இழந்தார்கள். முதல் இழப்பைத் தடுப்பது அவர்கள் கையில் இல்லை. இரண்டாவதைத் தடுப்பது முழுக்க அவர்கள் கையில்தான் இருந்தது.