பிறர் கூற்றும் தன் பொறுப்பும்: மீளாய்வுக் கட்டுரையின் அறம்

தான் நேரிற் காணாத ஒன்றைப் பிறர் கண்டவாறே எடுத்துக் கூறுபவன், அக்கூற்றுப் பிழையாயின் அப்பிழைக்குப் பொறுப்பாளி ஆவானா? ஒழுக்கவியலில் இவ்வினா புதியதன்று. வதந்தியை வழிமொழிவோனைப் பற்றியும், ஆராயாது சான்று பகர்வோனைப் பற்றியும் அறநூலார் நெடுங்காலமாகச் சிந்தித்து வந்துள்ளனர். ஆயின், பல்கலைக்கழக மாணவர் ஆண்டுதோறும் எழுதிக் கையளிக்கும் மீளாய்வுக் கட்டுரைகளைக் குறித்து இவ்வினாவை எழுப்புவோர் அரியர். ஒரு துறையில் இதுகாறும் வெளிவந்த ஆய்வுகளைத் தேடிப் படித்து, எது நிறுவப்பட்டது, எது ஐயத்துக்குரியது, எது ஆராயப்படாமல் எஞ்சியுள்ளது என்று எடுத்துரைப்பதே மீளாய்வுக் கட்டுரை. அதில் எழுதுவோரின் சொந்தக் கண்டுபிடிப்பு யாதுமில்லை. ஆகவே அதனை எழுதுதல் எளிது என்றும், தவறு நேரினும் பழி மூல ஆசிரியரையே சாரும் என்றும் ஓர் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. எளிது என்பதும் பிழை. பழி பிறரைச் சாரும் என்பது அதனினும் பெரும் பிழை.

நம் அளவையியலார் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையும் அறிவுக்குரிய தலையாய வாயில்களாகக் கொண்டனர். ஆய்வுகூடத்தில் நீரை அளப்பவருக்குக் காட்சி உண்டு. அளவுகளிலிருந்து காரணத்தைத் துணிபவருக்குக் கருதல் உண்டு. மீளாய்வாளருக்கு வாய்ப்பது பெரும்பாலும் உரை ஒன்றே. சைவ சித்தாந்தம் உரையளவையைச் சிறப்பாக இறைநூலுக்கு உரியதாக்கும். நையாயிகரோ நம்பத்தகுந்தவன் சொல் எனப் பொதுமையில் விரித்துக் கொள்வர். நம்பத்தகுந்தவன் யார் என்பதற்கு அவர் கூறும் இலக்கணம் இங்கு நினைக்கத்தக்கது: பொருளை உள்ளவாறு அறிந்தவனாகவும், அறிந்தவாறே பிறர்க்கு உணர்த்தும் விருப்புடையவனாகவும் அவன் இருத்தல் வேண்டும். விருப்பு மட்டும் இருந்து அறிவு இல்லாதவன் அவ்விலக்கணத்துள் அடங்கான். நூறு கட்டுரைகளைப் படிக்க இயலாத வாசகர் தம் கண்ணை மீளாய்வாளரிடம் ஒப்படைக்கின்றார். அதனை வாங்கிக்கொண்டவர், தாமும் காணவில்லை என்று பின்னர் கூறுதல் தகுமா?

இவ்வினா வெறுங் கோட்பாட்டு வினா அன்று என்பதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீரே தக்க சான்று. வற்றாத ஆறு ஒன்றேனும் இங்கில்லை. மாரி மழை மயோசீன் காலச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் வில்லை போல மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலார் கொண்ட பொது விதி. அந்த மெல்லிய வில்லையே குடிநீராகவும், வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களின் இறைப்பு நீராகவும் பயன்படுகின்றது. பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டத்தை முன்வைத்த காலந்தொட்டு, இந்நீரைப் பற்றி அறிக்கைகளும் ஆய்வுகளும் வெளிவந்தவண்ணம் உள்ளன. பாலேந்திரன், சிறிமான்ன, ஆறுமுகம் ஆகியோரின் நிலத்தடி நீர் அறிக்கை 1968 இல் வந்தது. மகேஸ்வரன், மகாலிங்கம் ஆகியோரின் கிணற்று நீர் நைத்திரேற்று ஆய்வு 1983 இல் வெளியாயிற்று. பின்னரும் பல. இன்று ஒரு மாணவர் 'யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று' என்று மீளாய்வுக் கட்டுரை எழுதப் புகுந்தால் அவர் முன் குவிவது சிறிய குவியலன்று.

அக்குவியலில் முதலில் கால் இடறும் இடம் மிகச் சிறியது; ஓர் அலகு. சில ஆய்வாளர் நைத்திரேற்றையே நைத்திரேற்றாக அளந்து எழுதுவர். வேறு சிலர் அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டு 'நைத்திரேற்று நைதரசன்' என எழுதுவர். இரண்டும் இலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்றே அச்சாகும். முன்னதன் பெறுமானம் பின்னதைப்போல் ஏறத்தாழ 4.43 மடங்கு. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த வழிகாட்டி எல்லை நைத்திரேற்றாயின் 50 மில்லிகிராம். நைதரசனாயின் ஏறத்தாழ 11. ஒரு பழைய கட்டுரையில் ஒரு கிணற்றுக்கு 15 என நைதரசன் அலகில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். நைத்திரேற்றாக மாற்றினால் அது 66 ஆகும், எல்லையைக் கடந்துவிட்டது. மாணவர் அலகை நோக்காது 15 என்றே எடுத்தெழுதி, 50 என்னும் எல்லையோடு ஒப்பிட்டு, 'பாதுகாப்பானது' என்று ஒரு சொல் சேர்ப்பாராயின், மூல ஆசிரியர் கூறியதற்கு நேர்மாறானதை அவர் பெயராலேயே கூறியவராவார். அந்த நீரிற் பால்மாவைக் கரைத்துப் புட்டியில் ஊட்டுந் தாய் அக்கட்டுரையைப் படிக்கப்போவதில்லை. படிப்பவர் ஒரு சுகாதார அதிகாரியாக இருக்கலாம். மிகையான நைத்திரேற்று சின்னஞ்சிறு குழந்தையின் குருதியில் ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைத்து உடலை நீலம் பாரிக்கச் செய்யும் என்பது மருத்துவர் அறிந்ததே. இங்கே மூல ஆசிரியர் மீது சுமத்த எப்பிழையும் இல்லை. பிழை முழுவதும் எடுத்துரைத்தவருடையது.

அலகு ஒத்திருப்பினும் போதாது. எந்த மாதத்தில் அளந்தார்கள்? வடகீழ்ப் பருவமழை பெய்து தோட்டத்து உரத்தை அடித்திறக்கும் ஐப்பசி கார்த்திகையில் அளந்த கிணறும், ஆவணியில் அளந்த கிணறும் ஒரே கிணறாயினும் ஒரே நீர் அல்ல. தோட்டக் கிணறா, வீட்டுக் கிணறா? வீட்டுக் கிணறாயின் மலக்குழி எத்தனை அடி தொலைவு? நைத்திரேற்று யூரியாவிலிருந்தும் வரும், மாட்டெருவிலிருந்தும் வரும், மலக்குழியிலிருந்தும் வரும். விவசாயத் துறை மாணவர் முதற் காரணத்தையும், சுகாதாரத் துறை மாணவர் கடைசிக் காரணத்தையும் தேடிப் பிடித்துக்கொள்வது இயல்பு. இவற்றையெல்லாம் ஒன்றாகக் கூட்டி வகுத்துச் 'சராசரி' என்று ஓர் எண்ணைத் தருவது பார்வைக்கு விஞ்ஞானம்போல் தோன்றும். உண்மையில் அவ்வெண் எந்தக் கிணற்றுக்கும் உரியதன்று.

மூலத்தைத் திறவாமலே மேற்கோள் காட்டும் வழக்கம் மேனாட்டிலும் உண்டு என்பதற்கு வேடிக்கையான சான்று ஒன்றுள்ளது. ஸ்பினாச் என்னும் கீரையில் இரும்புச் சத்து மிகுதி என்ற நம்பிக்கை, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர் ஒருவர் தசமப் புள்ளியை இடம் மாற்றியதால் எழுந்தது என்று 1981 இல் ஹாம்பிளின் என்னும் மருத்துவர் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். கவனக்குறைவான மேற்கோளுக்கு எச்சரிக்கையாக அக்கதை கட்டுரைக்குக் கட்டுரை தாவிற்று. பின்னர் ஆராய்ந்தபோது அத்தசமப் புள்ளிக் கதைக்கே ஆதாரம் கிடைக்கவில்லை. எச்சரித்தவர்களுள் எவரும் மூலத்தைப் பார்க்கவில்லை என்பதை 2014 இல் நோர்வே நாட்டு ரெக்டால் விரிவாக எடுத்துக்காட்டினார். நகைப்புக்குரியதே, ஆனால் நகைப்பவர் தம் கட்டுரையின் மேற்கோள்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

ஆய்வுகள் ஒன்றோடொன்று முரணும்போது எழுவதே மீளாய்வாளருக்கு உண்மையான சோதனை. நன்னூலார் ஆசிரியர்க்குரிய மதங்கள் ஏழனுள், இருவர் மாறுபட்டுரைத்த இடத்தில் ஒன்றினைத் துணிவதையும் ஒன்றாக வைத்தார். பிறர் கருத்தை ஏற்பதையும் மறுப்பதையும் தனித்தனியே வைத்தார். அவர் கூறாதது ஒன்றுண்டு: இருவர் கூறியதையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு வாளாவிருத்தல். இன்றைய மாணவர் கட்டுரைகளிற் பெரும்பாலானவை அவ்வெட்டாவது மதத்தைச் சேர்ந்தவை! 'இன்னார் இவ்வாறு கூறினார், மற்றையோர் அவ்வாறு கூறினார்' என்று நூலில் கோக்கப்படாத மணிகள்போல் அவை உருண்டோடுகின்றன. துணிவதற்கு முன் செய்யவேண்டியதையும் நம் மரபு காட்டியுள்ளது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் தம் மதத்தை நிறுவுமுன் உலகாயதர் முதலியோரின் கொள்கைகளைப் பரபக்கம் எனத் தனிப் பகுதியாக்கி எடுத்துரைத்தார். மறுக்கப்படுவோரின் வாதம் அவர் வாயினின்றே வருவதுபோல அங்கே முதலில் கூறப்படும். மறுப்புப் பின்னரே வரும். மாற்றாரின் வாதத்தை மெலிவித்துக் கூறிப் பின் வெல்வது வெற்றியன்று.

இதற்குக் குடாநாட்டிலேயே அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று உள்ளது. சுண்ணாகம் அனல்மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளது என்ற முறைப்பாடு 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வலிகாமம் எங்கும் பெருங் கலக்கத்தை உண்டாக்கிற்று. மக்கள் தம் வீட்டுக் கிணற்றைப் பார்த்தபடி பவுசர் நீருக்குக் காத்திருந்தனர். நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனை முடிவும், மாகாண மட்டத்தில் அமைக்கப்பட்ட நிபுணர் குழுவின் முடிவும் ஒன்றுபடவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில் அந்நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இதனை மீளாய்வு செய்யும் மாணவர் எத்தனை அறிக்கைகள் 'ஆம்' என்றன, எத்தனை 'இல்லை' என்றன என்று தலையெண்ணினால் யாதும் விளங்காது. ஒவ்வோர் அறிக்கையும் எப்பொருளைத் தேடிற்று என்று முதலிற் கேட்கவேண்டும். எண்ணெயும் கிறீசும் என்ற பொது அளவையா, குறித்த ஐதரோகாபன்களையா, பார உலோகங்களையா? ஒன்றைத் தேடிக் காணாதவர் மற்றொன்றும் இல்லை என்று கூறியவராகார். மாதிரி எந்தக் கிணறுகளில், நிலையத்திலிருந்து எத்திசையில், எத்தனை நாளின்பின் எடுக்கப்பட்டது? அக்குழுவை அமைத்தவர் யார், செலவை ஏற்றவர் யார்? இக்கடைசி வினாவை அநாகரிகமென ஒதுக்குவோர் உளர். அதனை மட்டுமே கேட்டு மற்றவற்றை விடுவோரும் உளர். நிதி வந்த வழி ஐயத்துக்கு இடந்தரும். மறுப்புக்கு அது ஈடாகாது. இவையனைத்தையும் கேட்டபின் ஒருபக்கம் துணிவதும், துணிய முடியாதவிடத்து எந்தச் சான்று கிடைத்தாற் துணியலாம் என்று கூறுவதும் மீளாய்வாளரின் கடமை.

பேசாத சான்றுகளும் உண்டு. 1981 ஜூன் முதலாம் நாள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அதன்பின் வந்த போர்க்காலத்தில் ஆய்வுகள் அருகின. திணைக்கள அறிக்கைகள் பல அச்சேறாமலும், அச்சேறியவை சிதறியும் போயின. அக்காலத்துக்கு அளவீடுகள் கிடைக்கவில்லை என்பதும், அக்காலத்தில் மாசு இருக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. இணையத் தேடுபொறி காட்டுவனவற்றை மட்டும் தொகுக்கும் மாணவர், ஆங்கிலத்தில், அண்மையில், பன்னாட்டு இதழில் எழுதியவர்களை மட்டுமே ஆய்வாளர் எனக் கொள்கிறார். தமிழில் எழுதியவரும் உள்ளூர்ச் சங்க மலர்களில் எழுதியவரும் அவர் கட்டுரையில் பிறவாதவர் ஆகின்றனர். 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிமக் களஞ்சியம் ஈழத்து வெளியீடுகளை மின்வடிவில் தொகுத்து வருவதால் முன்னிருந்த சாக்குப்போக்கு இன்று பெருமளவு குறைந்துவிட்டது. மறுபுறத்தே, கேட்ட மாத்திரத்தில் மீளாய்வையே எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. அவை எழுதப்படாத கட்டுரைக்கும் ஆண்டும் பக்கமும் தந்து மேற்கோள் காட்டுவதுண்டு. இல்லாதவர் வாயில் சொல்லை வைத்துவிட்டு அதன்கீழ்த் தம் பெயரை மாணவர் எழுதுவாராயின், உரையளவை அங்கே முற்றாக அற்றுப்போகின்றது.

ஒரு தடை எழலாம். மூன்று மாத அவகாசமும் குறைந்த வசதியும் உடைய மாணவர் எல்லாவற்றையும் மூலத்திலேயே படித்தாக வேண்டும் என்பது இயலாத அறம் அன்றோ? இயலாததைக் கடமையாக்குவது ஒழுக்கவியலுக்கு உடன்பாடன்று என்பது உண்மையே. ஆயின் இங்கே கேட்கப்படுவது யாவற்றையும் படித்தலன்று; படித்ததையும் படியாததையும் வேறுபிரித்துக் காட்டுதல். 1968 ஆம் ஆண்டு அறிக்கை கைக்கு எட்டவில்லையாயின், இன்னார் எடுத்துக்காட்டியவாறு என்று ஒரு தொடர் சேர்த்தாற் போதும். அதனைச் சேர்க்க ஐந்து நொடியும் சிறிது நாணமின்மையும் வேண்டும், அவ்வளவே. மேலும், பொருளைச் சுருக்கிக்கொள்ளும் உரிமை மாணவருக்கு உண்டு. 'உலக நிலத்தடி நீர் மாசு' என்று தொடங்குபவர் இருநூறு கட்டுரைகளின் சுருக்கங்களை நுனிப்புல் மேய்வார். 'வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று' என்று தொடங்குபவர் இருபதை முழுமையாகப் படிப்பார்.

அவ்விருபதையும் படிக்கும்போதே ஓர் அட்டவணை வரைந்துகொள்வது பழைய முறையாயினும் அதனை விஞ்சியது இன்னும் இல்லை. ஆண்டு, மாதம், ஊர், கிணறுகளின் தொகை, கிணற்றின் வகை, அளந்த முறை, அலகு எனக் கட்டங்கள் இட்டு, ஒவ்வோர் ஆய்வையும் ஒரு வரியில் நிரப்பவேண்டும். கட்டுரையை ஆசிரியர் பெயர் வரிசையில் எழுதாது, அக்கட்டங்கள் எழுப்பும் வினாக்களின் வரிசையில் எழுதவேண்டும். நிரப்ப முடியாத கட்டங்கள் பல இருக்கும். சில கட்டுரைகளில் மாதம் இராது. சிலவற்றில் அலகே ஐயமாயிருக்கும். அங்கே ஊகித்து எழுதாமல் 'பதியப்படவில்லை' என்று எழுதி, அட்டவணையை அப்படியே அச்சிடுதல் வேண்டும். அடுத்த ஆண்டு போத்தலோடு கோப்பாய்க்குப் புறப்படும் மாணவர் எந்த மாதத்தில், எந்தக் கிணற்றடிக்குப் போகவேண்டும் என்பதை அந்த வெற்றுக் கட்டங்களிலிருந்தே அறிந்துகொள்வார்.