மரபுத்தொடரும் வாழ்வும்: மலையகத்து ஆங்கிலக் கல்வியை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு மொழியின் சொற்களை அகராதி கற்பிக்கும். அதன் அமைப்பை இலக்கணம் கற்பிக்கும். மரபுத்தொடரோ இவ்விரண்டுக்கும் எளிதில் அகப்படுவதில்லை. சொற்கள் ஒவ்வொன்றின் பொருளும் தெரிந்திருந்தும் தொடரின் பொருள் விளங்காமற் போதல் அதன் இயல்பு. அது வழங்கிய மக்களின் வாழ்க்கையிலிருந்து பிறப்பதே அதற்குக் காரணம். ஆகவே, பிறமொழி மரபுத்தொடரைக் கற்பவர் அம்மக்கள் உலகை நோக்கும் நிலையையும் ஏற்றுக்கொள்கிறாரா என்னும் வினா எழுகின்றது. இது மொழியியல் வினா மட்டுமன்று, அறவியல் வினாவுமாகும்.

இவ்வினா கூர்மையாகத் தோன்றும் இடங்களுள் ஒன்று இலங்கையின் மலையகம். ஹற்றனிலோ நுவரெலியாவிலோ ஆங்கிலம் பயிலும் தோட்டத்து மாணவர் எதிர்கொள்ளும் சில தொடர்களை நோக்குவோம். தமக்கு விருப்பமில்லாத ஒன்றை 'அது என் தேநீர்க் கோப்பையன்று' என்பர் ஆங்கிலேயர். அற்ப காரணத்தால் எழும் ஆரவாரம் அவர்க்குத் 'தேநீர்க் கோப்பைக்குள் புயல்'. எது தரினும் இணங்கேன் என்பதற்குச் 'சீனத்துத் தேயிலை முழுவதையும் தந்தாலும்' என்பது வழக்கு. மூன்றிலும் தேநீரோ தேயிலையோ உண்டு; ஆயின் அவை அருந்துவோரும் வணிகரும் நின்ற நிலையிலிருந்து பேசப்படுபவை. கூடை சுமந்து மலைச்சரிவில் நிற்பவர் எவரும் அவற்றில் இல்லை.

இதற்கு மறுதலையாகத் தோட்டத்துத் தமிழில் 'அரைப்பேர்' என்றொரு வழக்குண்டு. பறித்த கொழுந்து குறித்த நிறையை எட்டாதவிடத்து, நாள் முழுதும் நின்று உழைத்தவருக்கும் அரைநாட் கூலியே பதியப்படும், அதுவே அரைப்பேர். 'அரை', 'பேர்' என்னும் சொற்களைத் தனித்தனியே அறிந்த அந்நியர் இதன் பொருளை உணர்தல் அரிது. உழைத்தவரின் பெயரே பாதியாகிவிடும் அனுபவம் அத்தொடரில் உறைந்துள்ளது.

19ஆம் நூற்றாண்டிலே தோட்டத்துச் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென வெளியான கைந்நூல் ஒன்றின் பெயர் 'இங்கே வா' என்பது. நூலின் பெயரே ஏவலாய் அமைந்தமை கருதத்தக்கது. ஏவுவதற்காக மட்டும் ஒரு மொழியைக் கற்பவர், அம்மொழி பேசுவோரின் வாழ்வைக் கற்பதில்லை. இக்குறை துரைமாருக்கு மட்டும் உரியதன்று. பரீட்சைக்கும் பதவிக்குமாக ஆங்கிலத் தொடர்களை மனனஞ் செய்து, பின்னர் அவற்றைக் கொண்டே லயத்தில் வாழ்வோரைத் தாழ்வாக நோக்கும் மாணவரிடத்தும் அதே குறை உண்டு.

அங்ஙனமாயின் அந்நிய மரபுத்தொடரை விலக்கிவிடலாமே எனின், அதுவும் பொருந்தாது. புகையிரதத்தோடு வந்த 'பச்சைக்கொடி காட்டுதல்' இன்று தமிழாகவே வழங்குகின்றது. மேலும், மலையகத்தவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஆங்கிலத்திலேயே இயற்றப்பட்டது. தம் தலைவிதியை எழுதிய மொழியைப் படிக்க இயலாதிருந்தமை அம்மக்களின் பெருந்துயரங்களுள் ஒன்று. அறியாமையைப் பற்றுறுதி எனப் போற்றுதல் அவர்க்கு இழைக்கும் மற்றொரு அநீதியாகும்.

இவ்விரு எல்லைகளுக்கும் இடையே ஒரு வழி உண்டு என்பதற்குச் சி. வி. வேலுப்பிள்ளை சான்றாவார். 1914இல் மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவர், ஆங்கிலத்தை நன்கு கற்றார். அதிலேயே கவிதையும் உரைநடையும் எழுதினார். அருந்துவோரின் மொழியிலே பறிப்போரின் வாழ்வைப் பேசவைத்தார். அத்துடன் தோட்டத்து மக்களின் நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார். ஒன்றைக் கற்றமை மற்றொன்றை மறப்பதற்கு அவர்க்குக் காரணமாகவில்லை.

எனவே, மரபுத்தொடரைக் கற்றல் தன்னளவில் அடிமைத்தனமன்று. அதனை யார், எந்நிலையில் நின்று கூறினர் என்று வினவாது கற்றலே அடிமைத்தனத்துக்கு இடந்தருவது. அவ்வினாவை எழுப்பும் மாணவர் ஆங்கிலத்தையும் தெளிவாகக் கற்பர். தம் மொழியில் 'அரைப்பேர்' என்னும் சொல் ஏன் பிறந்தது என்பதையும் உணர்வர். அவ்வுணர்வு, அச்சொல்லுக்கு வேலையில்லாத நாளொன்றை வேண்டி உழைக்கத் தூண்டுமாயின், மொழிக்கல்வி தன் கடனைச் செய்ததாகும்.