மறைக் குறியை இடுகிறவர் யார்?

பத்தாம் தரத்து விடைத்தாள் ஒன்றை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். "ஹட்டனிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் புகையிரதம் 600 மீற்றரை 60 செக்கனில் சீராகக் கடக்கிறது. அதன் வேகம் யாது?" என்பது நான் கொடுத்த வினா. வகுப்பு முழுவதும் செக்கனுக்கு 10 மீற்றர் என்று எழுதியிருக்க, ஒரு பையன் மட்டும் மறை 10 என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடிட்டேன்.

தாளை வாங்கியவன் மேசையருகிலேயே நின்றான். "சேர், எங்க வீடு நானுஓயாப் பக்கம். அந்தப் பக்கத்த நேர்னு வச்சேன். அப்ப கொழும்புக்குப் போற கோச்சி மறைதானே?" என்றான். தாளில் ஹட்டனிலிருந்து நானுஓயா நோக்கி ஓர் அம்புக்குறியும், அதன் நுனியில் ஒரு நேர்க்குறியும் இருந்தன. நான் அவற்றைக் கவனித்திருக்கவில்லை.

அவன் சொன்னது சரி. கதி எவ்வளவு விரைவு என்பதை மட்டும் சொல்லும். வேகம் திசையையும் சேர்த்துச் சொல்லும். நேர்கோட்டில் இருப்பவை இரண்டே திசைகள். ஒன்றை நேர் என்று கொண்டால் மற்றையது மறை. எதை நேராகக் கொள்வது என்று புகையிரதம் தீர்மானிப்பதில்லை, தண்டவாளமும் தீர்மானிப்பதில்லை. தாளில் அச்சை வரைகிறவரே தீர்மானிக்கிறார். நானோ வினாவில் திசையைக் குறிப்பிடாமல், கொழும்பை நோக்கிப் போவதுதான் 'முன்னுக்கு' என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறை வேகம் என்றால் வண்டி மெதுவாகிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மறைத் திசையில் போகும் வண்டி விரைவைக் கூட்டிக்கொண்டும் போகலாம்; அப்போது அதன் ஆர்முடுகலும் மறையாகவே இருக்கும். மறை 10 என்பது 5ஐ விடச் சிறியது, ஆகவே தாழ்ந்தது என்றும் நினைக்கிறார்கள். எண்கோட்டில் அது சிறியதுதான். ஆனால் அந்த வண்டி, 5இல் போகும் வண்டியைப் போல இரு மடங்கு விரைவாகப் போகிறது. இன்னும் சிலருக்கு மறை என்றால் இறக்கம். 1924இல் பதுளையை எட்டிய நமது மலைநாட்டுப் பாதையை அவர்களுக்குக் காட்டுவேன். கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் திசையை நேர் என்று கொண்டால், சுமார் 1,890 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொளை வரை ஏற்றம். அதற்கப்பால் பெரும்பாலும் இறக்கம். குறி மட்டும் மாறுவதேயில்லை.

ஆக, மறைக்குறி பயணியின் மீதான தீர்ப்பு அல்ல. அச்சை வரைந்தவர் எந்தப் பக்கம் முகம்வைத்து நின்றார் என்பதற்கான சாட்சி. பையனுக்கு இதை ஒப்புக்கொண்ட அன்றிரவு, பெரியவர்கள் சொல்லக் கேட்ட இன்னொரு கோச்சி என் நினைவுக்கு வந்தது.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையக மக்களை, 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாகப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ள. எண்கள் முதலில் எழுதப்பட்டன. அந்த மக்களிடம் விண்ணப்பம் கேட்டது அதன் பின்னரே. இந்தியாவுக்கென எழுதிய தொகையை விண்ணப்பங்கள் எட்டவில்லை. தோட்டங்களிலிருந்து தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்குமாக, 1984இல் அந்தக் கப்பல் சேவை நிற்கும்வரை குடும்பங்கள் போயின. அந்த ரயிலுக்கு நம் மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி.

அதில் ஏறியவர்களில் பெரும்பாலோர் இங்கே லயத்தில் பிறந்தவர்கள். இராமேஸ்வரத்தை முதன்முதலாகக் காணப் போனவர்கள். ஆனால் காகிதத்தில் அவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. காணாத இடத்துக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்? அச்சின் தொடக்கப் புள்ளியை அவருடைய பாட்டன் கப்பலேறிய கரையில் வைத்தால் முடியும். பிறகு நீலகிரியில், அவர்களுக்கு வேலை கொடுக்க உருவாக்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில், அதே மனிதர்களைச் 'சிலோன்காரர்' என்றார்கள். இங்கே இந்தியாக்காரன், அங்கே சிலோன்காரன். இரண்டு கரையிலும் அச்சை வேறு யாரோதான் வரைந்தார்கள்.

அச்சு வெறும் வசதிதானே, எதைத் தேர்ந்தாலும் வண்டி போய்ச் சேரும் இடம் ஒன்றுதானே என்று கேட்கலாம். பௌதிகத்தில் அது உண்மை. குறி வண்டியைத் தள்ளுவதில்லை. அது ஓடுவதைப் பதிவுசெய்கிறது, அவ்வளவுதான். மனிதர் விடயத்தில் ஒழுங்கு தலைகீழாகிறது. குறி முதலில் இடப்படுகிறது. கோச்சி பிறகு புறப்படுகிறது. 'திரும்ப வேண்டியவர்' என்று எழுதியதனாலேயே அனுப்புவது அநியாயமாகத் தெரியாமல் போயிற்று.

அப்படியானால் 'திரும்புதல்' என்ற சொல்லே பொய்யா? அதுவும் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தில் கூடாரம் போட்டார்கள். 2009க்குப் பின் மீள்குடியேற்றம் என்ற பேச்சு வந்தபோது, அங்கு பிறந்த பிள்ளைகள் இளைஞராகியிருந்தார்கள். மன்னாருக்குப் போகும் ஒரே பஸ்ஸில் வாப்பா திரும்புகிறார், மகன் புறப்படுகிறான். ஒரே கதி, இரண்டு குறிகள், இரண்டும் நியாயம். அந்த வாப்பாவிடம் "இது உங்கள் திரும்புதல் அல்ல" என்று சொல்வதும் அக்கிரமமே. பயணி தன் வாயால் சொல்லும்போது அந்தச் சொல் உரிமை. அவருக்காக இன்னொருவர் எழுதும்போது அது வெளியேற்றமாகிவிடலாம்.

2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகளானதை நினைவுகூர்ந்து ஒரு கூட்டம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தது. ஒப்பாரிக் கோச்சிகள் போய் நின்ற அதே தலைமன்னாரிலிருந்து, எதிர்த் திசையில். அந்தத் திசையை நேர் என்று கொண்டவர்கள் நடந்தவர்களே.

பையனுக்கு முழுப் புள்ளியையும் கொடுத்துவிட்டேன். ஒப்புக்கொள்வதில் சிறிது வெட்கம் இருந்தது. அதன் பிறகு என் வகுப்பில் ஒரு விதி உண்டு. இயக்கக் கணக்கு எதுவானாலும், விடைக்கு முன் 'நான் நேர் எனக் கொண்ட திசை' என்று முதல் வரியில் எழுத வேண்டும். எழுதிய பின் கணக்கு முடியும்வரை அதை மாற்றக் கூடாது. வினாத்தாள் தயாரிக்கும் எனக்கும் அதே விதிதான்.