மறக்கவிடாத வண்டி

ஜாவா மோட்டார் சைக்கிளில் கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான். இடது பக்கம் இருக்கும் அதை உதைத்து இன்ஜினைக் கிளப்பியதும், உள்ளே அழுத்தி முன்னால் திருப்பினால் கியர் லீவர் ஆகிவிடும். புதிதாக ஏறுகிறவர் திணறித்தான் போவார். பழகிவிட்டாலோ, வேறு வண்டியில் உட்கார்ந்தாலும் கால் அந்த லீவரைத் தேடும். பெங்களூரில் இப்படிக் கால் பழகிப்போனவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறு, சர்வதேச ஜாவா தினத்தன்று அவர்கள் ஒன்றுகூடும்போது, இரட்டைச் சைலன்சர்களின் சத்தமே தெருமுனையில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

செக்கோஸ்லோவாகியாவில் பிறந்த வண்டி அது. ருஸ்தம் இரானியும் ஃபரோக் இரானியும் தொடங்கிய ஐடியல் ஜாவா நிறுவனம் 1961இல் மைசூரில் அதைச் செய்ய ஆரம்பித்தது. 1973இல் யெஸ்டி என்ற பெயர் வந்தது. 1978இல் ரோட்கிங் என்ற மாடல் வந்தது. 1996இல் ஆலையை மூடினார்கள். 2018இல் வேறு நிறுவனத்தார் ஜாவா என்ற பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஆனால் அது ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் பூட்டிய புது வண்டி. பழைய வண்டிக்கு 1996 முதலே தாய்வீடு இல்லை. இருந்தும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆலை ஏன் நின்றது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. 1985இல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது, அதே ஆண்டு ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. பெட்ரோலை நிரப்பு, மூடியை மூடு, மறந்துவிடு என்பதுதான் ஹீரோ ஹோண்டா விளம்பரத்தின் சாரம். மாதச் சம்பளக்காரனுக்கு அதைவிட நல்ல சேதி வேறென்ன? காலையில் வண்டி கிளம்புமா என்ற கவலையிலிருந்து லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு விடுதலை கொடுத்த வண்டி அது. அதைக் குறைத்துப் பேசினால் நன்றி கெட்ட பேச்சாகும்.

யெஸ்டிக்கு மறதி ஆகவே ஆகாது. ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் அளந்து ஆயில் கலக்க வேண்டும். மறந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். நிறுத்தியதும் பெட்ரோல் குழாயை மூட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் உதைத்து உதைத்து வேர்த்துப்போவோம். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பாயின்ட் இடைவெளி கொஞ்சம் பிசகினால் ஸ்பார்க் மக்கர் செய்யும். இத்தனை தொல்லையில் என்ன சுகம் என்று கேட்கலாம். கோளாறு என்று வந்தால் அதற்குக் காரணம் உண்டு, அந்தக் காரணத்தைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். அதுதான் சுகம். நாள் முழுவதும் திரைக்குள் இருக்கும் பிழைகளோடு மல்லுக்கட்டும் பெங்களூர்க்காரர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சிவாஜிநகரில் ஒரு மெக்கானிக் பாய். என் யெஸ்டி இழுக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். கார்புரேட்டரைத் தொடவில்லை, பிளக்கைக் கழற்றவில்லை. வண்டியை ஓடவிட்டு, பின்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு சைலன்சர் வாய்க்கும் ஒவ்வொரு உள்ளங்கையாக நீட்டினார்.

“நீங்களும் கைய வெச்சுப் பாருங்க சார். இந்தப் பக்கம் மூச்சு கம்மியா இல்ல?”

இருந்தது. ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர். எரிந்த ஆயிலின் கரி ஒரு பக்கத்தை அடைத்திருந்தது. உள்குழாயை உருவிச் சுரண்டி மாட்டினார். வண்டி பழையபடி இழுத்தது. அந்த உள்ளங்கைக்குத் தெரிந்தது எந்தக் கையேட்டிலும் இல்லை. அவருக்கு முன்னால் யாரோ ஒருவர், தன் பக்கத்தில் குந்தவைத்துக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

ஓட்டும் இன்பம் தனி. பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலையின் முக்கியப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஆக, இந்த வண்டி தான் பிறந்த ஊருக்கே ஓரமாகத்தான் போக வேண்டும். நஷ்டம் ஒன்றும் இல்லை. ராமநகரத்துப் பட்டுக்கூடு வாசம், சன்னபட்டணத்து மரப்பொம்மைக் கடைகள், மத்தூர் வடை எல்லாம் பழைய சாலையில்தான் இருக்கின்றன. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் பாடும் இன்ஜினுக்கு அந்தச் சாலைதான் சரி.

ஒன்றை மறைக்கக் கூடாது. டூ ஸ்ட்ரோக் வண்டி ஆயிலையும் சேர்த்து எரிக்கிறது. நீலப் புகை விடுகிறது. சிக்னலில் பின்னால் நிற்கும் குழந்தை நம் ரசனைக்காக அதைச் சுவாசிக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையோடு ஆசையை நிறுத்திக்கொள்வதும் வண்டி வைத்திருப்பவனின் கடமைதான்.

என் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்தால் எனக்கு முன்னால் வைத்திருந்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அதற்குக் கீழே என் பெயர். கடைசிப் பெயர் என்னுடையதாக இருக்காது என்பதே என் நம்பிக்கை.

வண்டியை இப்படி ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொள்கிறோம், ஊர் அப்படி இல்லை. புதிதாகச் செய்வதில் பெங்களூர் கெட்டிக்கார ஊர். செய்ததைப் பார்த்துக்கொள்வதில் அத்தனை சமர்த்து கிடையாது. கெம்பே கவுடா வெட்டியதாகச் சொல்லப்படும் தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கிறது. நிலையத்துக்குக் கெம்பே கவுடாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். வெட்டியவர் பெயர் மிஞ்சியது, ஏரி மிஞ்சவில்லை.

ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஆள் வைத்த ஊரும் உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை என்றதும் தேர்தல் முறை நினைவுக்கு வரும். எந்த வேலைக்கு ஆள் எடுத்தார்கள் என்பதைத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த வேலைகளில் ஒன்று ஏரி வாரியம். ஊரின் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆட்கள். பதவிக்காலம் 360 நாள். அது முடிந்ததும் அடுத்தவர் முறை. வெட்டியவர்களையும் கட்டியவர்களையுமே கல்லில் எழுதிப் பழகிய உலகில், பார்த்துக்கொள்பவர்களுக்காக வெட்டிய கல்வெட்டு அது.

ஒரு பொருளைச் செய்வதற்கு முடிவு உண்டு. பார்த்துக்கொள்வதற்கு முடிவு கிடையாது. செய்த ஆலை போன பின்னும் வண்டி ஓடுவது, ஆயிலை அளந்து ஊற்றுகிறவர்களும் உள்ளங்கையால் மூச்சுப் பார்க்கிறவர்களும் இருப்பதால்தான். இந்த வண்டி என்னுடையது என்று சொல்வதைவிட, இப்போது என் முறை என்று சொல்வதே பொருத்தம். வீட்டுக்கும் ஏரிக்கும் ஊருக்கும் இதே கணக்குதான். பெரியவர்கள் உண்டாக்கிவிட்டுப் போனார்கள் என்பதற்காக எதுவும் நிலைப்பதில்லை. தன் முறை வரும்போது மறக்காமல் இருக்கும் ஆள் இருந்தால்தான் நிலைக்கும்.