கிரகணக் கண்ணாடியும் மருத்துவ நூலகரும்

2017 ஆகஸ்ட் 21 அன்று முழுச் சூரிய கிரகணம் ஒன்று அமெரிக்காவை ஓரிகன் கடற்கரையிலிருந்து தென் கரோலினா வரை குறுக்காகக் கடந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் அந்நாட்டின் பொது நூலகங்களில் கூட்டம் அலைமோதியது. ஓர் அறக்கட்டளையின் நிதியுதவியில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கிரகணக் கண்ணாடிகளை ஏறத்தாழ 7,000 நூலகங்கள் இலவசமாக வழங்கிக்கொண்டிருந்தன. வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் கேட்பார்கள். எங்கள் ஊரில் எத்தனை மணிக்குத் தெரியும்? பிள்ளைகள் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாதே? முதலாவதற்கு வானியலில் பதில் இருக்கிறது, இரண்டாவதற்கு மருத்துவத்தில். கேட்பவரோ அப்படிப் பிரித்துக் கேட்பதில்லை.

இந்த இரண்டுக்கும் ஒரே மேசையிலிருந்து பதில் சொல்லத் தகுந்தவர்கள் அமெரிக்க நூலகங்களில் இருக்கிறார்கள். உடல்நலத் தகவல் நூலகர் என்பது அவர்கள் வேலை. அவர்களில் சிலர் ஓய்வு நேரத்தில் விண்வெளி அறிவியலைக் கற்பிக்கும் தன்னார்வலர்களாகவும் இருக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது தொழில் ஒன்று, பொழுதுபோக்கு வேறு என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டிலும் அவர்கள் செய்வது ஒரே வேலை என்பது என் துணிபு. அதைக் காட்ட, முதலில் அந்தத் தொழிலைப் பார்க்க வேண்டும்.

வாஷிங்டன் அருகே பெதஸ்டாவில் உள்ள அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம், 1836-இல் ராணுவத் தலைமை மருத்துவர் அலுவலகத்தின் சிறு புத்தகத் தொகுப்பாகத் தொடங்கியது. உள்நாட்டுப் போரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய ஜான் ஷா பில்லிங்ஸ் கைக்கு அது வந்த பிறகுதான் பெருநூலகமாக வளர்ந்தது. உலகெங்கும் வெளியாகும் மருத்துவக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகத் தொகுத்துக் காட்டும் 'இண்டெக்ஸ் மெடிகஸ்' பட்டியலை 1879-இல் அவர் தொடங்கினார். 1964-இல் அந்த வேலை கணினிக்கு மாறியது. 1997-இல் அந்தக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளம் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. மறு ஆண்டே, நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் எளிய மொழியில் தகவல் தரும் மெட்லைன்பிளஸ் வந்தது.

மருத்துவருக்காகச் சேர்த்துவைத்த அறிவு பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டதும், நூலகரின் வேலை மாறியது. கட்டுரை தேடிக் கொடுத்தவர், கலங்கிப்போய் வந்து நிற்கும் மனிதரோடு பேச வேண்டியவரானார். தாயின் மருத்துவ அறிக்கையில் கண்ட ஒரு சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்பது ஒன்றாக இருக்கும், அறிய விரும்புவது வேறாக இருக்கும். பதற்றப்படுத்தாமல், அந்தரங்கத்தைத் துருவாமல், இரண்டு மூன்று கேள்விகளில் அந்த உண்மையான தேவையைக் கண்டுபிடிப்பதைத்தான் இத்துறையில் முதலில் பழகுகிறார்கள். பிறகு ஒரு கண்டிப்பான எல்லை. நூலகர் நோயைக் கணிக்க மாட்டார். மருந்து சொல்ல மாட்டார். இந்தத் தகவலை யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், எந்த ஆதாரத்தில் சொன்னார்கள், அதில் யாருக்கு லாபம் என்று பார்த்து, நம்பத்தகுந்ததை அவருக்குப் புரியும் மொழியில் எடுத்துத் தருவார். அதோடு நிறுத்திக்கொள்வார். அந்த நிறுத்தத்தில் பெரிய நேர்மை இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளை இன்றும் அமெரிக்க நூலகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் என்பது அவற்றில் ஒன்று. கணிதப் பேராசிரியராக இருந்து நூலகத்துக்கு வந்தவர் வகுத்த விதி அது. அறிவியலும் நூலகமும் ஒருவரிடமே சேர்வது புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

விண்வெளிக்கு இந்த உடல்நல நூலகர்கள் நுழையும் வாசல்களும் முறையாக அமைந்தவையே. கலிஃபோர்னியாவிலுள்ள நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் 1997 முதல் சூரியக் குடும்பத் தூதர்கள் என்ற திட்டத்தை நடத்துகிறது. சம்பளம் கிடையாது. பயிற்சி தருவார்கள், பயணத் திட்டங்களில் பணிபுரியும் விஞ்ஞானிகளின் உரைகளைக் கேட்கச் செய்வார்கள். தூதராகச் சேர்ந்தவர் தன் ஊரில் ஆண்டுக்குச் சில நிகழ்ச்சிகளாவது நடத்த வேண்டும். ஆசிரியர்கள், பொறியாளர்கள், ஓய்வுபெற்றவர்கள், நூலகர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இதில் இருக்கிறார்கள். இதுபோக, பொது நூலகங்களுக்கே செய்முறைப் பெட்டிகளும் பயிற்சியும் தரும் நாசா திட்டம் ஒன்றும் உண்டு. பெட்டியில் வரும் பொருள்களில் எனக்குப் பிடித்தது புற ஊதா மணிகள். அறைக்குள் வெளுப்பாக இருக்கும். வெயிலில் காட்டினால் நிறம் ஏறும். அதன்மேல் சன்ஸ்கிரீன் தடவிவிட்டு மறுபடி வெயிலில் காட்டச் சொன்னால், சூரியக் கதிர்வீச்சும் தோல் பாதுகாப்பும் ஒரே நேரத்தில் குழந்தைக்குப் புரிந்துவிடும். அது வானியல் பாடமா, உடல்நலப் பாடமா என்று பிரிக்க முடியாது.

மறுபடி கண்ணாடிக்கு வருகிறேன். விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. சூரியனை நேராகப் பார்க்கும்போது அங்கே ஒளிவேதியியல் சேதம் நடந்துகொண்டிருந்தாலும் கண் வலிக்காது. பார்வை மங்குவது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். 2017 கிரகணத்துக்குப் பின் நியூயார்க்கில் ஓர் இளம்பெண்ணின் விழித்திரையைச் சோதித்த மருத்துவர்கள், அவர் பார்த்த பிறைச் சூரியனின் வடிவிலேயே காயம் பதிந்திருந்ததைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார்கள். சாதாரண கூலிங் கிளாஸ், பழைய எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி எதுவும் போதாது. ஐ.எஸ்.ஓ 12312-2 என்ற தரத்தின்படி, கிரகணக் கண்ணாடி கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் 0.0032 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடக்கூடாது. முழு மறைப்பின் அந்த ஓரிரு நிமிடங்களில் மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். அதுவும் முழு மறைப்புப் பாதைக்குள் நிற்பவர்களுக்கு மட்டும்.

இவ்வளவும் தெரிந்திருந்தாலும் போதவில்லை என்பதுதான் 2017 காட்டிய பாடம். அந்தத் தர எண்ணை அச்சடித்த போலிக் கண்ணாடிகள் சந்தைக்கு வந்துவிட்டன. எண் இருப்பதே சான்று என்று அதுவரை சொல்லிவந்த அமெரிக்க வானியல் கழகம், நம்பகமான தயாரிப்பாளர்கள், விற்பனையாளர்களின் பட்டியலை வெளியிட்டு, அதைப் பார்த்து வாங்கச் சொன்னது. முத்திரையைப் பார்க்காதே, அது எங்கிருந்து வந்தது என்று பார். மருத்துவ நூலகர் இதைத் தினமும் செய்கிறார். வெள்ளைக் கோட்டுப் படம் போட்ட இணையதளங்களை அவர் அப்படித்தான் எடைபோடுகிறார்.

2024 ஏப்ரல் 8 கிரகணம் மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்குள் நுழைந்தது. மெக்சிகோ வழிக் குடும்பங்களில், கிரகணத்தின்போது கர்ப்பிணி வெளியே வந்தால் குழந்தைக்கு உதட்டுப்பிளவு வரும் என்ற நம்பிக்கை உண்டு. காப்பாக ஊக்கு குத்திக்கொள்வார்கள், சிவப்புத் துணி அணிவார்கள். நம் வீடுகளில் கர்ப்பிணியை உள்ளே உட்காரவைக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. ஒரு கர்ப்பிணி நூலகத்தில் வந்து இதைக் கேட்டால், வானியல் மட்டும் படித்தவர் மூடநம்பிக்கை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடக்கூடும். அவள் பயம் அப்படியே இருக்கும். உடல்நலத் தகவல் பழகியவர், நிலவின் நிழல் கருவை ஒன்றும் செய்யாது என்று சொல்வதோடு, உதட்டுப்பிளவுக்கான வாய்ப்பைக் கூட்டுபவை எவை என்பதையும் எடுத்துக் காட்டுவார். மரபணு, புகைபிடித்தல், கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் சர்க்கரை நோய், வலிப்புக்கான சில மருந்துகள். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள் என்ற எச்சரிக்கையும் அவர் தரும் தாளில் இருக்கும். பயத்தோடு வந்தவள் பயனுள்ள ஒன்றோடு போகிறாள். இந்த ஓர் இடத்துக்காகவே இப்படிப்பட்ட நூலகர்கள் கூடுதலாக வேண்டும் என்று விரும்புகிறேன்.

விண்வெளியின் பெயரால் உடல்நலப் பொருள் விற்பவர்களும் இருக்கிறார்கள். 2017-இல் உடலில் ஒட்டிக்கொள்ளும் ஒரு ஸ்டிக்கரை, விண்வெளி வீரர்களின் உடைக்கு நாசா பயன்படுத்தும் கார்பன் பொருளால் ஆனது என்று விளம்பரப்படுத்தினார்கள். அப்படி ஒரு பொருளே தங்கள் உடையில் இல்லை என்று நாசா மறுத்தது. இங்கே விண்வெளியும் தெரிந்து மருத்துவ ஆதாரமும் தேடத் தெரிந்தவருக்கு வேலை பாதி முடிந்துவிடும்.

விண்வெளிக்கும் உடல்நலத்துக்கும் உண்மையான தொடர்பும் நிறைய உண்டு. எடையின்மையில் விண்வெளி வீரரின் உடல் எடையைத் தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை தாது அடர்த்தியை இழக்கின்றன. பூமியில் முதியவர்களுக்கு ஏறத்தாழ ஓராண்டில் ஏற்படும் இழப்பு இது. அதனால்தான் சர்வதேச விண்வெளி நிலையத்தில் அன்றாடம் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சிக்கே ஒதுக்குகிறார்கள். நீண்ட பயணம் போனவர்களில் பலருக்குக் கண் நரம்பில் வீக்கமும் பார்வை மாற்றமும் கண்டறியப்பட்டிருக்கின்றன. விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 340 நாள் மேலே இருந்தார். அவருடைய இரட்டைச் சகோதரர் மார்க் கீழே இருந்தார். இருவரின் உடலையும் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளிவந்தது. இத்தகைய கட்டுரைகளைத் தேட வசதியாக, நாசாவும் தேசிய மருத்துவ நூலகமும் சேர்ந்து விண்வெளி உயிரியலுக்கென ஒரு தரவுத்தளத்தை உருவாக்கின. பிறகு அது பப்மெட்டுக்குள் ஒரு தேடல் வடிகட்டியாகச் சேர்ந்தது.

எலும்புத் தேய்மானம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்று வரும் அறுபது வயதுப் பெண்ணுக்கு அந்த வடிகட்டி நேரடியாக உதவாது. விண்வெளி வீரர்களின் உடற்பயிற்சியை அவர் அப்படியே செய்யவும் கூடாது. ஆனால் எலும்பு சுமையை உணர்ந்தால்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்பது விண்வெளி நிலையத்தின் கதையோடு சொன்னால் மனத்தில் நிற்கும். அதன்பின் மெட்லைன்பிளஸ் பக்கத்தை அச்செடுத்து, மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அதன் ஓரத்திலேயே அவரை எழுதிக்கொள்ளச் சொல்லலாம். எந்த உடற்பயிற்சி, எவ்வளவு நேரம், இடுப்பெலும்புக்கு ஆபத்தில்லையா, அடர்த்திச் சோதனை மறுபடி எப்போது.